அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் செவிலியர் படிப்பு: வாசல் கேட்பதும் வகுப்பு கேட்பதும்

அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராக, அதாவது ஆர்.என். ஆகப் பணியாற்ற, நான்காண்டுப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமில்லை. ஊரிலுள்ள சமுதாயக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) இரண்டாண்டு அசோசியேட் பட்டம் முடித்தவரும், பெரிய பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.என். என்ற செவிலியர் இளங்கலைப் பட்டம் முடித்தவரும் ஒரே உரிமத் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். தேறினால் இருவருக்கும் கிடைப்பது ஒரே உரிமம். கலிபோர்னியாவில் வசிப்பவருக்கு அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அளவு ஒன்றுக்கு, 46 டாலர். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி, 2024 மே மாதத்தில் நாடு முழுவதுமுள்ள ஆர்.என்.களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 93,600 டாலர். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இந்தப் படிப்பின் வாசலில் ஏன் இவ்வளவு கூட்டம் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் வாசலைத் தாண்டுவதற்கு வேண்டிய திறனும், உள்ளே போனபின் நிலைப்பதற்கு வேண்டிய திறனும் ஒன்றல்ல. சேர்க்கை கேட்பது உயிரியல் பாடங்களில் உயர்ந்த மதிப்பெண்ணையும், தேதி தவறாமல் தாள்களைச் சேர்த்து வைக்கும் பொறுமையையும். வகுப்பு கேட்பது, முழுமையில்லாத தகவலை வைத்துக்கொண்டு எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் பக்குவத்தை. முதலாவதில் வென்ற பலர் இரண்டாவதில் தடுமாறுவதற்கு அறிவுக் குறைவு காரணமில்லை. ஆட்டத்தின் விதி மாறிவிட்டதை அவர்கள் தாமதமாக உணர்வதுதான் காரணம் என்பது என் கணிப்பு. கல்லூரிக்குக் கல்லூரி நடைமுறை வேறுபடுவதால், விதிமுறைகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் கலிபோர்னியாவை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் படிப்பு தோன்றிய வரலாறு சுருக்கமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய செவிலியர் பற்றாக்குறைக் காலத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் ஆய்வு செய்த மில்ட்ரெட் மாண்டேக், மருத்துவமனைகள் நடத்திவந்த மூன்றாண்டுப் பயிற்சிக்கு மாற்றாக, கல்லூரிக்குள்ளேயே இரண்டாண்டில் ஒரு தொழில்நுட்பச் செவிலியரை உருவாக்கலாம் என்று தம் முனைவர் பட்ட ஆய்வில் முன்மொழிந்தார். 1952இல் ஏழு கல்லூரிகளில் அது சோதனையாகத் தொடங்கியது. பட்டதாரிச் செவிலியருக்குத் துணையாக, வரம்புக்குட்பட்ட பொறுப்போடு பணியாற்றுபவரைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார். ஆனால் அங்கே படித்து வந்தவர்கள் மற்றவர்களைப் போலவே உரிமத் தேர்வை எழுதித் தேறினார்கள். வரம்பு காகிதத்தில் நின்றது, உரிமம் ஒன்றாகிவிட்டது. இரண்டாண்டா நான்காண்டா என்று அமெரிக்கச் செவிலியர் உலகில் இன்றும் நடக்கும் வாதம் அந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

தேவை இவ்வளவு இருக்கும்போது இடங்களைக் கூட்டக் கூடாதா என்று கேட்பது இயல்பு. கட்டடமும் மேசையும் இங்கே தடையில்லை. நோயாளியைத் தொட்டுப் பயிலும் வகுப்பில் ஒரு பயிற்றுநரின் பொறுப்பில் பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் விடுவதில்லை. அந்தப் பத்துப் பேருக்கும் ஒரு மருத்துவமனை தன் வார்டில் இடம் தர வேண்டும். ஒரே வார்டுக்குப் பக்கத்து அரசுக் கல்லூரியும், தனியார் கல்லூரியும், பல்கலைக்கழகமும் போட்டியிடுகின்றன. பயிற்றுநராவதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும்; அந்தத் தகுதி உள்ளவர் மருத்துவமனையிலேயே இருந்தால் பெரும்பாலும் கூடுதலாகச் சம்பாதிக்கலாம். ஆகவே இடங்கள் மெதுவாகத்தான் கூடுகின்றன.

இரண்டாண்டுப் படிப்பு என்று விளம்பரத்தில் சொன்னாலும், சேரும் தகுதியைப் பெறுவதற்கே ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகிவிடும். கலிபோர்னியா செவிலியர் வாரியத்தின் விதிப்படி, உரிமத்துக்கான கல்வியில் செவிலியர் பாடங்கள் 36 யூனிட் இருக்க வேண்டும். அதில் பாதி கோட்பாடு, பாதி மருத்துவமனைப் பயிற்சி. அதோடு மொழித் தொடர்புப் பாடங்கள் 6 யூனிட்டும், உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றோடு சமூக, நடத்தை அறிவியலும் சேர்ந்து 16 யூனிட்டும் வேண்டும். உயிரியல் பாடங்கள் மூன்றும் ஆய்வகத்தோடு கூடியவை. பல கல்லூரிகளில் அவற்றைத் தொடுவதற்கு முன் வேதியியல் அறிமுகம் ஒன்றையும் முடித்திருக்க வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் அடுக்கிவிட முடியாது. உயிரியல் பாடங்களைப் படித்து ஐந்து அல்லது ஏழு ஆண்டுகள் கடந்திருந்தால் அவை செல்லாது என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. வேலையையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடமாக நகர்பவர், கடைசிப் பாடத்தை முடிக்கும்போது முதல் பாடம் காலாவதியாகிவிடாமல் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு முறைக்கு வருவோம். தொடக்கத்தில் பல கல்லூரிகள் குறைந்தபட்சத் தகுதி உள்ளவர்களின் பெயரை வரிசையில் எழுதிவைத்தோ, குலுக்கல் போட்டோ இடம் தந்தன. குலுக்கல் இன்னும் முற்றாக மறையவில்லை. யார் படிப்பை முடிக்கிறார்கள் என்று அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகள் ஆராய்ந்தபோது நான்கு அளவுகள் முன்னுக்கு வந்தன: கல்லூரிப் பாடங்களின் மொத்த ஜி.பி.ஏ. எனும் மதிப்பெண் சராசரி, ஆங்கிலப் பாடத்தின் ஜி.பி.ஏ., உயிரியல் பாடங்களின் ஜி.பி.ஏ., உயிரியல் பாடங்களை எத்தனை முறை திரும்பப் படித்தார்கள் என்பது. நான்காவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உடற்கூறியலில் சி வாங்கிவிட்டு, அடுத்த முறை ஏ வாங்கினால் கணக்கு நேராகிவிடும் என்று நினைப்பவருக்கு, திரும்பப் படித்ததே ஒரு குறையாக எண்ணப்படும் என்பது விண்ணப்பத்தின்போதுதான் தெரியவருகிறது. சறுக்குவது உறுதி என்று தெரிந்துவிட்டால், கடைசித் தேதிக்குள் பாடத்தைக் கைவிடலாமா என்று ஆலோசகரிடம் அந்த வாரமே கேட்டுவிடுவது நல்லது. கைவிட்ட பாடம் சான்றில் டபிள்யூ என்று நிற்கும், அதை ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கும்.

இப்போது பல கல்லூரிகள் பல்லளவுத் தேர்வு என்ற புள்ளி முறையைப் பின்பற்றுகின்றன. அதற்கு மாநிலக் கல்விச் சட்டத்திலேயே இடம் உண்டு. முந்தைய பட்டங்கள், பாட மதிப்பெண், நுழைவுத் தேர்வு, மருத்துவத் துறையில் வேலை அல்லது தொண்டு அனுபவம், வறுமை, உடற்குறை, குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்வது போன்ற வாழ்க்கைச் சூழல்கள், படைப்பணி எனப் பலவற்றுக்கும் புள்ளிகள் உண்டு. தமிழ் வாசகர்களில் பலர் அறியாத ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது: ஆங்கிலம் அல்லாத மொழியில் தேர்ச்சி. எந்த மொழிகளைக் கணக்கில் கொள்ளலாம் என்பதற்குச் சட்டம் காட்டும் உதாரணங்களில் இந்தியத் துணைக்கண்டத்தின் மொழிகளும் அடங்கும். தேர்ச்சியை எப்படி நிரூபிப்பது என்பதைக் கல்லூரிகள் தனித்தனியே வகுத்துள்ளதால், தமிழுக்கு என்ன சான்று ஏற்கப்படும் என்று விண்ணப்பக் காலத்துக்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தி வைப்பது பலன் தரும். ஒன்றிரண்டு புள்ளிதானே என்று தோன்றலாம். பட்டியலின் விளிம்பில் நிற்பவருக்கு அதுவே ஓராண்டு.

நுழைவுத் தேர்வாகப் பெரும்பாலும் டீஸ் தேர்வு கேட்கப்படும். வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலப் பயன்பாடு என்ற நான்கு பகுதிகளில் 170 கேள்விகள், 209 நிமிடங்கள். கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரிகளில் தேர்ச்சிக்கான மொத்த மதிப்பெண் 62 விழுக்காடு. இது எளிதாக எட்டக்கூடியதுதான், ஆனால் அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. புள்ளி முறையில் 62க்கும் 90க்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதன்முதலில் 62ஐத் தாண்டிய மதிப்பெண்ணையே கணக்கில் எடுக்கும் கல்லூரிகளும் உண்டு. சும்மா எழுதிப் பார்ப்போம் என்று ஆயத்தமில்லாமல் உட்கார்ந்து 66 வாங்கியவர், அந்த 66ஐயே சுமந்து திரிய நேரிடும். நம் ஊரில் படித்தவர்களுக்குக் கணிதம் பெரும்பாலும் கைகொடுக்கும். வாசிப்புப் பகுதியில் ஆசிரியரின் நோக்கம் என்ன, எந்த முடிவுக்குப் பத்தியில் ஆதாரம் இருக்கிறது என்ற வகைக் கேள்விகள்தான் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் பெற்ற பி.இ. அல்லது பி.காம். பட்டம், மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்றோடு வந்தால், முந்தைய பட்டத்துக்கான புள்ளியைப் பெற்றுத் தரலாம். உயிரியல் பாடங்களையோ அமெரிக்கக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. தமிழ்நாட்டிலேயே பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவருக்கு இந்தப் பாதையே தேவையில்லை. மாநில வாரியத்திடம் தம் கல்விச் சான்றுகளை மதிப்பிடச் செய்து, உரிமத் தேர்வுக்கு நேராகவே போகலாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கத் தடையில்லை. உரிமம் பெறுவதற்கும் கலிபோர்னியாவில் வழி உண்டு: எஸ்.எஸ்.என். எனும் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர் வரி அடையாள எண்ணைக் கொடுத்து விண்ணப்பிக்க 2014இல் வந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் உரிமம் வேலை அனுமதி ஆகாது. துணைவரின் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் தரும் மனு, ஒப்புதல் பெற்றிருந்தால் எச்-4 உடையவர் வேலை அனுமதி கேட்கலாம் என்ற விதி 2015இல் வந்தது. அந்த நிலையை எட்டாதவர், படிப்பு முடியும் ஆண்டில் குடியேற்ற நிலை எப்படி இருக்கும் என்பதைக் கல்லூரிக் கட்டணத்துக்கு முன் கணக்கிட வேண்டும்.

இரண்டு முறை குலுக்கலில் பெயர் வராதவர்களைக் குறிவைத்துத் தனியார் பள்ளிகள் பல இயங்குகின்றன. அவற்றில் ஒழுங்கானவையும் உண்டு. கட்டணம் பல மடங்கு. 2023 ஜனவரியில் ஆபரேஷன் நைட்டிங்கேல் என்ற பெயரில் அமெரிக்க அரசு வெளியிட்ட வழக்கில், தெற்கு புளோரிடாவின் மூன்று பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டங்களையும் மதிப்பெண் சான்றுகளையும் விற்றது வெளியானது. எனவே எந்தப் பள்ளியானாலும் மூன்றைப் பார்க்க வேண்டும்: மாநிலச் செவிலியர் வாரியத்தின் ஒப்புதல், ஏசென் போன்ற தேசிய அமைப்பின் தர ஏற்பு, முதல் முயற்சியிலேயே உரிமத் தேர்வில் தேறியவர்களின் விழுக்காடு. மூன்றாவதை கலிபோர்னியா வாரியம் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் கல்லூரி விளக்கம் சொல்லியாக வேண்டும்.

இடம் கிடைத்த கடிதத்துக்கும் முதல் வகுப்புக்கும் நடுவே ஒரு தாள் மலை இருக்கிறது. குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, இதய இயக்க மீட்பான சி.பி.ஆர். சான்றிதழ், உடற்பரிசோதனை, தடுப்பூசி ஆதாரங்கள். கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியின் வழக்கமான மூன்று தவணைகளுக்கு ஆறு மாதம் பிடிக்கும் என்பதால், கடிதம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. காசநோய்ச் சோதனை நம்மவர்களுக்கு வேறு வகையில் இடைஞ்சல் தரும். குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, நோய் இல்லாமலேயே தடித்துச் சிவந்து காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைய வேண்டும். இரத்தத்தில் செய்யும் இக்ரா வகைச் சோதனையை பி.சி.ஜி. பாதிப்பதில்லை, அதை ஏற்பார்களா என்று கேட்டுக்கொண்டு நேராக அதற்கே போய்விடலாம்.

வகுப்பு தொடங்கியதும் மதிப்பெண்ணின் பொருள் மாறுகிறது. மற்றப் பாடங்களில் 70 வாங்கினால் தேர்ச்சி. செவிலியர் பாடங்களில் பல கல்லூரிகள் 75 முதல் 78 வரை கேட்கின்றன, 74.9ஐ 75 ஆக்குவதில்லை. தேர்வுகளின் சராசரி அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் கட்டுரை, ஒப்படைப்பு மதிப்பெண்கள் கூட்டப்படும் என்ற விதியும் பரவலாக உண்டு. ஒரு பாடத்தில் தோற்றால் இடம் இருக்கும்போது மறுபடி சேரலாம். இரண்டாவது முறை தோற்றால் பெரும்பாலும் வெளியேற வேண்டியதுதான்.

மருந்தளவுக் கணக்குத் தேர்வு தனி வகை. அதில் 90 விழுக்காடு அல்லது முழு மதிப்பெண் கேட்பது வழக்கம். குறிப்பிட்ட வாய்ப்புகளுக்குள் எட்டாவிட்டால் மருத்துவமனைப் பயிற்சிக்கே அனுப்புவதில்லை. ஒரு கணக்கைப் பார்ப்போம். 165 பவுண்டு எடையுள்ள நோயாளிக்கு ஹெப்பாரின், கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட் வீதம் செலுத்த வேண்டும். பையில் 500 மில்லிலிட்டரில் 25,000 யூனிட் இருக்கிறது. பவுண்டை 2.2ஆல் வகுத்தால் 75 கிலோ. மணிக்கு 1,350 யூனிட். பையில் மில்லிலிட்டருக்கு 50 யூனிட் என்பதால், பம்பில் அமைக்க வேண்டியது மணிக்கு 27 மில்லிலிட்டர். பிளஸ் டூவில் கணிதம் படித்தவருக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் 27.0 என்று எழுதினால் விடை தவறு. புள்ளி கண்ணுக்குப் படாமல் போனால் 270 ஆகிவிடும் என்பதால், முழு எண்ணுக்குப் பின் சுழியம் இடுவதை அமெரிக்க மருத்துவமனைகள் தடை செய்துள்ளன, அதே காரணத்துக்காக .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுத வேண்டும். அலகை விட்டுவிட்டாலும் தவறுதான். கணக்கில் வல்லவர்கள் இழக்கும் மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் போகிறது. இதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து பத்து மடங்கு போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதைவிடக் கடினம், எல்லா விடைகளும் சரியாகத் தோன்றும் கேள்விகள். மாதிரிக்கு ஒன்று. காலைப் பணி தொடங்கும்போது உங்கள் பொறுப்பில் நான்கு நோயாளிகள். ஒருவர் நேற்று இடுப்பு எலும்பு அறுவை செய்துகொண்டவர், வலி பத்துக்கு ஏழு என்கிறார். இன்னொருவர் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி, இரத்த ஆக்சிஜன் 90 விழுக்காடு. மூன்றாமவர் நேற்று தைராய்டு சுரப்பியை முழுதாக அகற்றிக்கொண்டவர், உதட்டைச் சுற்றி மரமரவென்று இருக்கிறது என்கிறார். நான்காமவர் நீரிழிவு நோயாளி, காலை உணவுக்கு முன் சர்க்கரை 190. முதலில் யாரிடம் போவீர்கள்? ஆக்சிஜன் 95க்கு மேல் இருக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர் இரண்டாமவரிடம் ஓடுவார். அந்த நோயாளிக்கு 88 முதல் 92 வரை என்பது மருத்துவர்களே வைக்கும் இலக்கு. போக வேண்டியது மூன்றாமவரிடம். தைராய்டின் பின்புறம் நெல்மணி அளவில் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அறுவையில் பாதிக்கப்பட்டிருந்தால் இரத்தத்தில் கால்சியம் குறையும். உதட்டில் தொடங்கும் மரமரப்பு, குரல்வளைத் தசைகள் இறுகி மூச்சுவழி அடைபடுவதில் போய் முடியலாம். நான்கு நோய்களைப் பற்றியும் தனித்தனியே பக்கம் பக்கமாக எழுதக்கூடிய மாணவரும் இந்தக் கேள்வியில் தவறலாம். அவர் படித்தது நோயை, இங்கே கேட்கப்படுவது ஆபத்தின் வரிசையை.

அதனால் படிக்கும் முறையும் மாற வேண்டும். பாடநூலை முதல் பக்கத்திலிருந்து கோடிட்டு வாசிப்பவர், வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஒதுக்கப்படும் இந்தப் படிப்பில் மூன்றாம் வாரமே பின்தங்குவார். ஒரு நோயை எடுத்தால் உடலில் என்ன கெடுகிறது, அதனால் வெளியே என்ன தெரியும், எந்த அறிகுறி உயிருக்கு ஆபத்து, முதலில் செய்ய வேண்டியது என்ன என்று தொடர்ச்சியாகப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கே பயிற்சிக் கேள்விகளைச் செய்து, தவறான விடை ஏன் தவறு என்பதை எழுதிப் பார்ப்பதுதான் இங்கே எடுபடுகிறது. தேர்வு முடிந்ததும் நடக்கும் விடை ஆய்வு வகுப்புக்குத் தவறாமல் போக வேண்டும். தோற்ற தேர்வின் தாளைப் பார்க்கக் கூச்சப்பட்டு வராமல் இருப்பவர்கள்தான் அடுத்த தேர்விலும் அதே வகைக் கேள்வியில் விழுகிறார்கள்.

மருத்துவமனைப் பயிற்சி இன்னொரு உலகம். காலை ஏழு மணிக்கு முன்பே வார்டில் நிற்க வேண்டும்; இரவுப் பணிச் செவிலியர் நோயாளியை ஒப்படைக்கும்போது நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற ஒழுங்கில் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்; கொடுக்கப்போகும் ஒவ்வொரு மருந்தும் எதற்கு, கொடுக்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று பயிற்றுநர் கேட்டால் சொல்ல வேண்டும். 2022இல் இயற்றப்பட்ட கலிபோர்னியச் சட்டத்தின்படி, நோயாளியோடு நேரடியாகக் குறைந்தது 500 மணி நேரம். அதில் பொது மருத்துவமும் அறுவையும், மகப்பேறு, குழந்தைகள், மனநலம், முதியோர் என ஐந்து பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 30 மணி. இந்தப் பயிற்சிக்குப் பெரும்பாலும் தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. மருந்தை மறந்தவரை மன்னிக்கலாம். மறந்ததை மறைத்தவரை மன்னிக்க மாட்டார்கள்.

படிப்பை விட்டுப் போகிறவர்களில் கணிசமானோர் பாடத்தால் போவதில்லை, நேரத்தால் போகிறார்கள். முழுநேர வேலையோடு இதை முடித்தவர்கள் உண்டு, ஆனால் அவர்களை அளவுகோலாகக் கொள்வது சரியில்லை. வாரத்தில் இரு நாள் மருத்துவமனை, இரு நாள் வகுப்பு, நடுவே திறன் சோதனை என்று போகும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்பதற்கு இரண்டு பெயர்களாவது முன்கூட்டியே இருக்க வேண்டும். விடுப்பு நாள்களுக்கு உச்சவரம்பு உண்டு. வேலை தேவை என்றால், செவிலிய உதவியாளர் வேலை பொருத்தமானது. கூட்டரசு விதிப்படி அதற்கான பயிற்சி குறைந்தது 75 மணி நேரம்தான், மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கலாம். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதும் குளிப்பாட்டுவதும் பழகியிருந்தால் முதல் செமஸ்டரின் பாதிப் பயம் போய்விடும். சேர்க்கைப் புள்ளியிலும் அது உதவும்.

எல்லாம் முடிந்தபின் என்க்ளெக்ஸ் என்னும் அந்த உரிமத் தேர்வு. 1994 முதல் இது கணினியில், எழுதுபவருக்குத் தக்கபடி கேள்வி மாறும் முறையில் நடக்கிறது. சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும். 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். எழுதுபவரின் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பதில் கணினிக்கு 95 விழுக்காடு உறுதி வந்ததும் தேர்வு நின்றுவிடும். ஆகவே 85இல் நின்றுபோனதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள் கொண்ட மூன்று நோயாளிக் கதைகள் எல்லோருக்கும் வரும். பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளுக்கு முன்பு முழு மதிப்பெண் அல்லது சுழியம். இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. தோற்றால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். பட்டம் பெற்று நாள் செல்லச் செல்லப் பாடம் மங்கும் என்பதால், ஊருக்குப் போய்வரும் பயணத்தைத் தேர்வுக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது.

உரிமம் கிடைத்தவரிடம் அடுத்த கேள்வி பி.எஸ்.என். உண்டா என்பது. 2020க்குள் செவிலியரில் 80 விழுக்காட்டினர் இளங்கலைப் பட்டதாரிகளாக வேண்டும் என்று 2010இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க அமைப்பின் அறிக்கை பரிந்துரைத்ததிலிருந்து, பெரிய மருத்துவமனைகள் அந்தப் பட்டத்தை விரும்பிக் கேட்கின்றன. நியூயார்க் மாநிலம் 2017இல் ஒரு படி மேலே போய், புதிதாக உரிமம் பெறுபவர் பத்தாண்டுக்குள் அந்தப் பட்டத்தைப் பெற வேண்டும் என்று சட்டமே இயற்றியது. கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிகளே சோதனை முறையில் பி.எஸ்.என். வழங்க வகைசெய்த மசோதா 2024இல் ஆளுநரின் மறுப்பால் நின்றுபோனது. அதனால் அங்குள்ள மாணவர்கள், கல்லூரி ஏதேனும் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் வைத்திருந்தால், கோடை விடுமுறையிலேயே பி.எஸ்.என். பாடங்களைத் தொடங்கி, அசோசியேட் பட்டத்துக்குப் பின் ஏறத்தாழ ஓராண்டில் அதையும் முடிக்கிறார்கள். அப்படித் தொடராதவர்கள் முதியோர் பராமரிப்பு நிலையத்திலோ டயாலிசிஸ் மையத்திலோ பணியைத் தொடங்கி, அந்த மருத்துவக் குழுமம் தரும் கல்வி உதவித்தொகையைக் கொண்டு இணையவழியில் படிக்கிறார்கள். அந்த உதவித்தொகையை வாங்கினால் இத்தனை ஆண்டு பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக உடன் வரும், அதைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும்.